நிலையம் மறைந்த பின்னும் பாடுகின்ற வானொலிக் குழாம்

கிளிநொச்சிப் பக்கத்துப் பங்கு ஒன்றின் பாடகர் குழாத்தில் பாடும் தங்கை ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: “யூரியூப்பில் ‘ரியாஸ் காமர்கோர்’ என்ற பெயரில் பாக் எழுதிய பாடல்களைக் கேட்டேன். அது ஒரு வானொலியின் குழு என்று போட்டிருக்கிறது. வானொலிக்கு எதற்குப் பாடகர் குழாம்? அவர்கள் சம்பளத்துக்குப் பாடுகிறவர்களா? கோயில் பாடல்கள் மட்டும்தான் பாடுவார்களா? நான் எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?”

முதலில் பெயரைப் பிரித்துவிடுவோம். ‘ரியாஸ்’ என்பது ‘அமெரிக்கப் பகுதியின் வானொலி’ என்ற ஜேர்மன் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஆக்கிய சொல். ‘காமர்கோர்’ என்றால் சிறிய மண்டபத்துக்குப் போதுமான அளவுள்ள பாடகர் குழாம். சிறியது என்றாலும் நம்முடைய கணக்கில் சிறியதல்ல. அதில் முப்பத்துநான்கு பேரளவில் இருக்கிறார்கள். அத்தனை பேரும் முழுநேரச் சம்பளத்துக்குப் பாடுகிறவர்கள், பாடுவதைத் தவிர வேறு தொழில் இல்லாதவர்கள். ஞாயிறு பூசைக்கு முன் அரை மணித்தியாலம் பழகிவிட்டு மேடையேறும் நமக்கு இந்த ஒரு விடயமே பெரும் வியப்பாக இருக்கும். அந்த வியப்பிலிருந்துதான் இந்தக் கதையைத் தொடங்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பேர்லின் நகரம் வென்ற நான்கு நாடுகளுக்கிடையே நான்காகப் பிரிக்கப்பட்டது. நகரத்தின் பழைய வானொலி மாளிகையைச் சோவியத் படையினர் தம் கையில் வைத்திருந்தபடியால், அமெரிக்கப் பகுதிக்கென்று தனியாக ஒரு நிலையம் வேண்டியிருந்தது. ஒலிபரப்புக் கோபுரம் இல்லாத நிலையில், 1946 பெப்ரவரியில் அது தொலைபேசிக் கம்பிகளின் வழியாகவே வீடுகளுக்கு நிகழ்ச்சிகளை அனுப்பத் தொடங்கியது. அந்த ஆண்டு செப்டெம்பரில்தான் அலைபரப்பி கிடைத்து ‘ரியாஸ்’ என்ற பெயரும் வந்தது. இரண்டு ஆண்டு கழிவதற்குள், 1948 யூன் 24 அன்று, மேற்குப் பேர்லினுக்கு வரும் தரைவழி, நீர்வழி எல்லாவற்றையும் சோவியத் படையினர் மூடினார்கள். அடுத்த ஆண்டு மே 12 வரை அந்தப் பகுதி மக்களுக்கு மாவும் நிலக்கரியும் ஆகாய விமானத்தில்தான் வந்தன. வீடுகளுக்கு நாளில் சில மணித்தியாலம் மட்டுமே மின்சாரம் கிடைத்தது. மின்சாரம் இல்லாத வேளைகளில் ரியாஸ் நிலையத்தார் ஒலிபெருக்கி கட்டிய வண்டிகளைத் தெருத்தெருவாக அனுப்பிச் செய்தி வாசித்தார்கள். இந்தக் குழாத்தின் பிறந்த நாள் 1948 ஒக்டோபர் 15. அதாவது அந்த முற்றுகையின் நான்காவது மாதம்.

வன்னியில் தொண்ணூறுகளைக் கடந்து வந்த எவருக்கும் இந்த நிலைமையை விளக்கத் தேவையில்லை. பற்றரி தடைசெய்யப்பட்டிருந்த அந்த ஆண்டுகளில் எங்கள் வீட்டு முற்றத்திலும் சைக்கிள் தலைகீழாகத்தான் நின்றது. டைனமோவிலிருந்து இரண்டு வயர் ரேடியோவுக்குப் போகும். பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. கை சற்றுத் தளர்ந்தால் வேரித்தாஸ் தமிழ்ப்பணியின் செய்தி முணுமுணுப்பாகித் தேய்ந்துவிடும், திண்ணையிலிருந்து பெரியவர்கள் சத்தம் போடுவார்கள். ஒரு நத்தார்க் காலத்து இரவில், சிற்றலையில் முள்ளைத் திருப்பிக்கொண்டிருக்கும்போது, எந்த வாத்தியமும் இல்லாமல் பலர் பல சுரங்களில் சேர்ந்து பாடும் ஒலி இரண்டு மூன்று நிமிடம் அகப்பட்டது. நிலையத்தின் பெயரைச் சொல்வதற்கு முன்பே அது இரைச்சலுக்குள் மூழ்கிவிட்டது. பாடகர் குழாம் என்றால் எல்லாரும் ஒரே மெட்டைப் பாடுவது என்றிருந்த என் எண்ணம் அந்த இரவில்தான் ஆட்டம் கண்டது.

இனி, வானொலிக்குப் பாடகர் குழாம் எதற்கு என்ற கேள்வி. ரியாஸ் இதில் முன்னோடி அல்ல. இலண்டனில் பிபிசியும் ஜேர்மனியின் லைப்சிக் நகர வானொலியும் 1924 இலேயே குழாம் வைத்துக்கொண்டன. பேர்லினிலும் சுவீடனின் ஸ்டொக்ஹோமிலும் 1925 இல் வைத்துக்கொண்டார்கள். கொழும்பு வானொலி பிறந்ததும் அதே 1925 டிசம்பரில்தான். வானொலி கண்திறந்த கையோடு ஐரோப்பாவில் குழாங்களும் தோன்றியதற்குக் காரணம் கலைப்பற்று மட்டுமன்று. முதற்காரணம் நேரத்தை நிரப்ப வேண்டிய கட்டாயம். அக்காலத்து இசைத்தட்டு ஒன்றின் ஒரு பக்கம் நாலு நிமிடத்தளவு ஓடும். ஒரு மணித்தியாலம் நீளும் கூட்டுப்பாடல் ஆக்கம் ஒன்றை ஒலிபரப்ப விரும்பினால் தட்டை நம்பியிருக்க முடியாது, கலையகத்தில் ஆட்களை நிறுத்திப் பாடவைக்கவே வேண்டும். நீண்ட நேரம் ஓடும் எல்பி தட்டு சந்தைக்கு வந்ததே 1948 இல்தான்.

ஆட்களை நிறுத்துவதென்றால் யாரை நிறுத்துவது? ஐரோப்பாவின் பெரிய ஊர்களில் ஆசிரியர்களும் கடைக்காரர்களும் மாலையில் கூடிப் பாடும் சங்கங்கள் நிறைய இருந்தன. அவர்கள் ஓர் ஆக்கத்தை மூன்று மாதம் பழகி அருமையாகப் பாடுவார்கள். வானொலிக்கோ இந்தக் கிழமை ஒன்று, வரும் கிழமை வேறொன்று வேண்டும். அதுவும் யாரும் பாடிக் கேட்டிராத புதிய ஆக்கமாகவும் இருக்கலாம். சுரத்தாளைக் கையில் கொடுத்தவுடன் பார்த்துப் பாடக்கூடிய, காலையில் வந்து மாலைவரை நிற்கக்கூடிய, குரலைத் தொழிலாகவே பேணுகிறவர்கள் அதற்குத் தேவைப்பட்டார்கள். அவர்களை மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை. அப்படி வைத்துக்கொண்ட பிறகு, வேறெவரும் பாடத் துணியாத ஆக்கங்களை எழுதும்படி இசையமைப்பாளர்களைக் கேட்கவும் முடிந்தது. இந்தக் குழாங்கள் என்ன பாடுகின்றன என்ற கேள்விக்கான விடையில் பாதி, அவை எதற்காக உண்டாக்கப்பட்டன என்பதற்குள்ளேயே இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

ரியாஸ் குழாத்தின் முதல் நடத்துநர் ஹெர்பெர்ட் ஃப்ரொய்ட்ஸ்ஹைம். அவருடைய காலத்தில் செய்யப்பட்டவற்றுள் இன்றும் தேடிக் கேட்கத்தக்கது பாக்கின் வழிபாட்டுப் பாடல் தொகுதி. ஜேர்மன் இசையமைப்பாளர் யொஹான் செபஸ்தியான் பாக் இறந்து இருநூறு ஆண்டு நிறைந்தது 1950 இல். அதை ஒட்டி, கார்ல் ரிஸ்டென்பார்ட் என்ற நடத்துநர் பாக்கின் ‘கன்ராட்டா’க்களை வரிசையாகப் பதிவு செய்தார். ஞாயிறு வழிபாட்டுக்கென்று அந்தந்த நாளின் வாசகத்தை ஒட்டி எழுதப்பட்ட, இருபது நிமிடத்தளவிலான ஆக்கங்கள் அவை. நம் பூசைப் பாடல்களுக்கும் மறையுரைக்கும் நடுவில் வைத்து எண்ணலாம். ஒலிப்பதிவு நடந்த இடம் பேர்லினின் டாலெம் பகுதியிலுள்ள இயேசு கிறிஸ்து ஆலயம். ஓசை இயல்பாகப் பரவி நிற்கும் கட்டடம் என்று பதிவாளர்கள் நடுவே இன்றும் பெயர் பெற்றது. 1949 முதல் 1952 வரை நடந்த அந்தப் பணி பணமில்லாமல் இடையில் நின்றுபோயிற்று. எஞ்சிய ஒலிநாடாக்களிலிருந்து 29 கன்ராட்டாக்கள் 2012 இல் ஒன்பது தட்டுகளாக வெளிவந்தன. அவற்றில் பாடும் இளம் தனிப்பாடகர்களில் ஒருவர், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற டீட்ரிஹ் ஃபிஷர்-டீஸ்காவ்.

நிலையத்தின் வாத்தியக் குழுவை நடத்திய ஃபெரென்ஸ் ஃப்ரிச்சாயும் தம் மோட்ஸார்ட் இசைநாடகப் பதிவுகளுக்கு இந்தக் குழாத்தையே அழைத்தார். கிந்தர் ஆர்ண்ட் 1954 முதல் 1972 வரை நடத்திய காலத்தில் புத்தாக்கங்கள் பல முதன்முதலாகப் பாடப்பட்டன. அவருக்குப் பின் 1986 வரை இருந்த ஊவே குரோனொஸ்டை குரலின் நிறத்தையே மாற்றினார் என்று சொல்வார்கள். அதிர்வு குறைந்த, ஒல்லியான, சொல் தெளிவாகக் கேட்கும் ஒலிக்குக் குழாத்தைக் கொண்டுவந்தார். பழைய இசையை அதன் காலத்து வாத்தியங்களோடும் முறையோடும் பாடும் இயக்கம் ஐரோப்பாவில் அப்போது வேரூன்றிக்கொண்டிருந்தது. அதனோடு இணைந்து நடக்கக் குழாத்தைத் தயாராக்கியது இந்த மாற்றந்தான் என்பது என் கணிப்பு. 1987 முதல் 2001 வரை மார்கஸ் கிரீட், பிறகு டானியல் ரொய்ஸ், 2007 இலிருந்து 2015 வரை ஹான்ஸ்-கிறிஸ்தோப் ராடமான், 2017 இல் பொறுப்பேற்ற ஜஸ்டின் டொயில் என்று வரிசை தொடர்ந்தது.

இந்த வரிசையின் நடுவில்தான் கதையின் திருப்பம் இருக்கிறது. மார்கஸ் கிரீட் நடத்திக்கொண்டிருந்தபோதே பேர்லின் மதில் விழுந்தது, இரு ஜேர்மனியும் ஒன்றாயின, அமெரிக்கப் பகுதி என்று ஒன்று இல்லாது போயிற்று. பகுதியே இல்லாதபோது அதன் வானொலி எதற்கு? 1993 முடிவோடு ரியாஸ் வானொலி முடிந்தது; அதன் பங்கு புதிய தேசிய வானொலியான ‘டொய்ச்லாண்ட்ராடியோ’வுக்குள் கலந்தது. குழாத்தை மட்டும் கலைக்கவில்லை. முன்பு கிழக்குப் பேர்லினுக்கு உரியதாயிருந்த 1925 ஆம் ஆண்டுக் குழாத்தையும், இரு பக்கத்து வாத்தியக் குழுக்கள் இரண்டையும், இதையும் சேர்த்து 1994 இல் ஒரே நிறுவனமாக்கினார்கள். அதில் டொய்ச்லாண்ட்ராடியோவுக்கு 40 வீதம், மத்திய அரசுக்கு 35 வீதம், பேர்லின் மாநிலத்துக்கு 20 வீதம், உள்ளூர் வானொலிக்கு 5 வீதம் என்று பங்கு. ஆகவே நீங்கள் யூரியூப்பில் கண்ட பெயரிலுள்ள வானொலி இன்று கிடையாது. அந்தப் பெயர் எஞ்சியிருப்பது இந்தப் பாடகர்களின் வாயில்தான்.

எல்லா இடத்திலும் இப்படி நல்லபடி முடியும் என்று எண்ணிவிட வேண்டாம். தன் நூறாவது ஆண்டை எட்டவிருந்த பிபிசி குழாத்தை மூடப்போவதாக 2023 மார்ச்சில் அறிவித்தார்கள்; எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதத்திற்குள் அந்த முடிவை நிறுத்திவைத்தார்கள். ஜேர்மனியிலோ வானொலி சார்ந்த தொழில்முறைக் குழாங்கள் இன்றும் ஏழு இருக்கின்றன.

கோயில் பாடல்கள் மட்டும்தானா என்ற கேள்விக்கு வருகிறேன். இல்லை, ஆனால் கோயிலுக்கென்று பிறந்தவை பெரும்பங்கு. பாக்கின் ‘மோட்டட்’ ஒன்று, அதாவது பல குரல்களுக்கென்று எழுதிய சமயப் பாடல் ஒன்று, திருப்பாடல் 149 இன் தொடக்கத்தை எடுத்துக்கொள்கிறது. ஆண்டவருக்குப் புதிய பாடல் பாடச் சொல்லும் அந்த வரிகள் நமக்கும் பழக்கமானவை. அதில் நான்கு குரல் கொண்ட இரண்டு குழாங்கள் எதிரெதிரே நின்று ஒன்றையொன்று உசுப்பிவிடும். இவர்கள் முப்பத்துநான்கு பேர் என்பதன் பயன் இங்கேதான் தெரியும்: இரண்டாகவோ நாலாகவோ எட்டாகவோ பிரித்தாலும் ஒவ்வொரு குரலுக்கும் ஆள் இருக்கும்.

பாக்கின் ‘மத்தேயு பாடுகள்’ இன்னும் நமக்குக் கிட்டியது. அதில் ஐந்து தடவை திரும்பி வரும் மெட்டு ஒன்று உண்டு. தமிழ்ப் புரொட்டஸ்தாந்து ஆலயங்களில் பெரிய வெள்ளியன்று ‘இரத்தம் காயம் குத்தும்’ என்று தொடங்கிப் பாடுகிறார்களே, அதே மெட்டுத்தான். கத்தோலிக்கரான நீங்கள் அதை அயல் ஆலயத்தின் ஒலிபெருக்கியிலாவது கேட்டிருப்பீர்கள். ஐந்து தடவையும் மெட்டு மாறாது. முதல் இரண்டு தடவையும் அரைச் சுர உயரம் மட்டுமே வேறுபடும்; பிறகு வரும்போது அதன் கீழே மற்ற மூன்று குரல்களும் நடக்கும் நடையே மாறும். நான் பாடகர்களுக்குச் சொல்வது இதுதான்: மெட்டைக் காதில் விட்டுவிட்டு ஆகக் கீழான பாஸ் குரலை மட்டும் ஐந்து தடவையும் தொடர்ந்து கேளுங்கள், கூட்டிசை என்றால் என்ன என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் மெண்டெல்சோன், பிராம்ஸ், புருக்னர் ஆகியோரின் ஆக்கங்களையும் இவர்கள் நிறையப் பதிந்திருக்கிறார்கள். இனிமையானவை, கேட்கலாம், அந்த வகையை நன்றாகப் பாடுகிற குழாங்கள் வேறும் பல உண்டு.

இருபதாம் நூற்றாண்டில்தான் இந்தக் குழாத்தின் தனித்தன்மை தெரிகிறது. இரண்டு ஆக்கங்களை மட்டும் எடுத்துச் சொல்கிறேன். முதலாவது, பிரெஞ்சு இசையமைப்பாளர் பிரான்சிஸ் புலாங்க் எழுதிய ‘மனித முகம்’. 1943 இல், ஜேர்மன் படைகள் பிரான்சை ஆண்டுகொண்டிருந்தபோது, போல் எலுவாரின் கவிதைகளுக்கு அவர் மறைவாக இசை அமைத்தார். பன்னிரண்டு குரல், இரண்டு குழாம், வாத்தியம் ஒன்றும் இல்லை. கடைசிப் பகுதி முழுவதும் ஒரு பெயரை எங்கெல்லாம் எழுதுவேன் என்று அடுக்கிக்கொண்டே போய், ‘விடுதலை’ என்ற சொல்லில் முடியும். பிரான்சில் பாட முடியாத அந்த ஆக்கத்தை 1945 மார்ச்சில் ஆங்கிலத்தில் முதன்முதலாகப் பாடியது பிபிசியின் வானொலிக் குழாம். அதை இன்று ஒரு ஜேர்மன் குழாம் பிரெஞ்சு மொழியிலேயே பாடிப் பதிந்திருப்பதைக் கேட்கும்போது எனக்கு எப்போதும் மெல்லிய வியப்பு உண்டாகும்.

இரண்டாவது, ஒலிவியே மெசியானின் ‘ஐந்து ரெஷான்’. இது எழுதப்பட்ட ஆண்டும் 1948. பன்னிரண்டே பேர் பாட வேண்டும், ஒவ்வொரு குரல் வகைக்கும் மூவர். சொற்கள் பாதி பிரெஞ்சு, பாதி மெசியான் தாமே கட்டிய, சமஸ்கிருதத்தின் சாயல் ஏறிய ஒலிகள். தாளமோ நம் பக்கத்திலிருந்து போனது: பதின்மூன்றாம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் ‘சங்கீத ரத்னாகர’த்தில் பட்டியலிட்ட 120 தேசி தாளங்களை மெசியான் ஒரு பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் கண்டு, வாழ்நாள் முழுவதும் கையாண்டார். ‘ரெஷான்’ என்ற சொல்லுக்குத் திரும்பப் பாடும் அடி என்று பொருள். அடியும் திருப்பமுமாக மாறி மாறி வரும் அந்த அமைப்பைக் கேட்டபோது, முல்லைத்தீவில் கோவலன் கூத்து ஆடும் இரவில் அண்ணாவியார் மத்தளத்தோடு எடுத்துக் கொடுக்க, பிற்பாட்டுக்காரர் ஈற்றடியைப் பிடித்துக்கொள்வதுதான் எனக்கு நினைவில் வந்தது. அருவிவெட்டுப் பாடலிலும் நாம் இதைத்தானே செய்கிறோம்? பிற்பாட்டு எல்லாருக்கும் உரியது, யாரும் சேர்ந்துகொள்ளலாம். மெசியானின் திருப்ப அடியிலோ, ஓராள் அரை மாத்திரை பிந்தினாலும் முழுவதும் சரிந்துவிடும். டானியல் ரொய்ஸ் நடத்திய பதிவு 2004 இல் வெளிவந்தது.

இவர்களிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது குரலின் நிறத்தை அல்ல. அது அவர்களுடைய மொழியோடும் பயிற்சியோடும் ஒட்டியது. நம் பிள்ளைகள் அதைப் போலப் பாட முயன்றால் மூக்கடைத்த தமிழ்தான் வரும். கவனிக்க வேண்டியது சொல்லின் முடிவை. ஜேர்மன் மொழியில் மெய்யெழுத்தில் முடியும் சொற்கள் ஏராளம். முப்பத்துநான்கு பேரும் இறுதி ‘ட்’டை ஒரே கணத்தில் வைக்காவிட்டால் ஒலிவாங்கியில் அது தகரத்தில் மழை விழுந்ததுபோலக் கேட்கும். வானொலியில் முகபாவனை இல்லை, மண்டபத்து எதிரொலியின் உதவியும் குறைவு. ஆகவே அவர்கள் அதைத் தொழிலாகவே பழகினார்கள். நம் பாடல்களில் ‘ம்’ இல் முடியும் வரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வாயை முன்பே மூடுவார், ஒருவர் கடைசிவரை ‘ஆ’ என்று இழுப்பார். எத்தனையாம் தட்டில் உதடு மூட வேண்டும் என்று பென்சிலால் குறித்துக்கொண்டால் ஒரே கிழமையில் குழாத்தின் ஒலி மாறிவிடும்.

இன்னொன்று சுருதி. நமக்குச் சுருதிப்பெட்டி இடைவிடாது ஒலித்துக்கொண்டிருக்கும். அவர்களோ இசைக்கவையில் ஒரு தட்டுத் தட்டிக் காதருகே பிடித்துச் சுரத்தை எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகு எந்த ஆதாரமும் இல்லாமல் இருபது நிமிடம் பாடுவார்கள். அந்தச் சுரமும் எப்போதும் ஒன்றல்ல: புதிய ஆக்கங்களுக்குச் செக்கனுக்கு 440 அதிர்வு, பழைய காலத்து வாத்தியங்களோடு பாடும்போது 415, அதாவது அரைச் சுரம் கீழே. சுரத்தின் உயரம் மனதில் பதிந்துபோன பாடகருக்குத் தாளில் ஒன்றைக் கண்டு வாயில் வேறொன்றைப் பாடுவது பெரும் தொல்லை. இந்தக் குழாத்திலோ அது அன்றாட வேலை.

தமிழில் இப்படிப் பல குரல்களில் பாடுவதற்கு முன்னோடி இல்லாமல் இல்லை. எம். பி. சீனிவாசன் சென்னையில் இளைஞர்களைக் கூட்டிப் பாரதி பாடல்களையும் பிறவற்றையும் சேர்ந்திசையாக்கினார். 1988 இல் அவர் மறைந்த பின்பும் அந்த மரபு தொடர்ந்தது. ‘கோயர்’ என்று சொல்லிப் பழகிய நாம் ‘சேர்ந்திசை’ என்ற அந்த நல்ல சொல்லையும் எடுத்துக்கொள்ளலாம்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். மெசியானை முதலில் எடுக்காதீர்கள், ஓடிவிடுவீர்கள். பாக்கின் மோட்டட்டுகளில் நான் சொன்ன ‘புதிய பாடலை’ முதலில் கேளுங்கள், பிறகு புலாங்க், கடைசியாக மெசியான். இடையில் ஒரு தவக்கால மாலையில், ரெனே யாக்கப்ஸ் இந்தக் குழாத்தை வைத்து நடத்தி 2013 இல் வெளியிட்ட மத்தேயு பாடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கின் லைப்சிக் ஆலயத்தில் இரு குழாங்களும் ஆலயத்தின் இரு முனைகளில் நின்றிருக்கலாம் என்ற கருத்தை வைத்து, யாக்கப்ஸ் ஒன்றை முன்னாலும் மற்றதைத் தொலைவில் பின்னாலும் நிறுத்திப் பதிந்திருக்கிறார். போனின் ஒற்றை ஒலிபெருக்கியில் அந்த இடைவெளி முழுவதும் தொலைந்துவிடும்; யாரிடமாவது இரண்டு காதுக்கும் மாட்டும் ஹெட்போன் ஒன்றை இரவல் வாங்கி, ‘பாருங்கள்’ என்று ஒரு குழாம் சொல்ல மற்றது ‘யாரை?’ என்று கேட்கும் முதற்பாட்டை இருமுறை கேளுங்கள்.